கோட்டைக் கழற்றி வைத்த சேலத்து வக்கீல்

கள்ளக்குறிச்சின்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? 2024 ஜூன், கருணாபுரம், மெத்தனால் கலந்த சாராயம், 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். அதுதானே? அதனாலதான் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலம் கோர்ட்டில் வாதாடிய ஒரு வக்கீலைப் பற்றி இங்கே சொல்லப் போறேன். அவரை நீங்க அரசியல்வாதியாகத்தான் படிச்சிருப்பீங்க. பேர் ராஜாஜி.

1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர், 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். கிரிமினல் கேஸ்களில் பெரிய பேர். கையில் நல்ல காசு. 1918-ல் வரதராஜுலு நாயுடு மேல் ராஜத்துரோக வழக்கு வந்தப்போ, அவருக்காக மதுரை போய் வாதாடினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். அந்த நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வரக் காரணமானவரும் அவர்தான்.

அப்புறம் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. வக்கீல் தொழிலையே விட்டுட்டார். யோசிச்சுப் பாருங்க: மனைவி காலமாகிட்டாங்க, வீட்டில் ஐந்து பிள்ளைகள். கேம்பஸில் கிடைச்ச வேலையை இப்படி விட நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்? 1921 டிசம்பரில் வேலூர் ஜெயிலுக்கும் போனார்.

1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு. குடி ஒரு குடும்பத்தை என்ன செய்யும்னு கிரிமினல் வக்கீலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லையே! மதுவிலக்குக்காகவே 'விமோசனம்'னு பத்திரிகை நடத்தினார். கூட இருந்து உழைச்சவர் கல்கி.

1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது தன் சேலம் ஜில்லாவில். மலைக்குக் கிழக்கே நம்ம கள்ளக்குறிச்சி அப்போ தென்னாற்காடு ஜில்லா. அங்கே சட்டம் அப்போ வரல. கஜானாவுக்குப் போன வருமானத்தை எப்படி ஈடுகட்டுறது? 1939-ல் பொது விற்பனை வரி கொண்டு வந்தார். இன்னைக்கு நீங்க கட்டும் ஜிஎஸ்டிக்கு அதை ஒரு பாட்டின்னு சொல்லலாம்.

அவர் செஞ்சது எல்லாமே சரின்னு சொல்ல வரல. 1938-ல் பள்ளியில் கட்டாய இந்தி, 1953-ல் குலக்கல்வின்னு எதிர்க்கப்பட்ட திட்டம் இரண்டும் பெரும் போராட்டத்தைக் கிளப்பின. 1954-ல் முதல்வர் பதவியை விட்டு விலகினார்.

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட இருந்தது. அப்போ அவருக்கு 92 வயசு. கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதி வீட்டுக்கே போய், வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். கேட்டது கிடைக்கல. 1972 டிசம்பர் 25-ல் காலமானார். அந்த வக்கீல் தோற்ற கடைசி வழக்குன்னு இதைச் சொல்லலாம்.

தடை போட்டா சாராயம் மலைக்கு ஏறும்னு நீங்க வாதாடலாம். அதில் உண்மை இருக்கு. ஆனா கருணாபுரத்தில் செத்தவங்க தடை இல்லாத காலத்தில்தானே செத்தாங்க? அவர் சட்டத்தோடு நிற்கல. அதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே கிராமத்தில் போய் உட்கார்ந்து, நூற்கவும் நெய்யவும் வேலை கொடுத்தார். அடுத்த முறை கல்வராயனுக்கு பைக்கில் அருவி பார்க்கப் போறீங்களா? அங்கே நம்ம வயசுப் பசங்களுக்கு என்ன வேலை இருக்குன்னும் கொஞ்சம் விசாரிச்சுட்டு வாங்க.