வள்ளியிலிருந்து அவ்வைக்கு: கே.பி. சுந்தராம்பாளின் கலைப் பயணம்

தமிழ்நாட்டில் அவ்வையார் என்னும் பெயரைக் கேட்டவுடன் பலர் உள்ளத்திலும் ஓர் உருவம் எழுகிறது. நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையிலே கோல், எட்டுத் திசையும் எட்டும் குரல். அவ்வையைக் கண்டவர் எவரும் இல்லை. சங்க காலத்தில் ஓர் அவ்வையும் பிற்காலத்தில் வேறு அவ்வையரும் வாழ்ந்தனர் என்பது அறிஞர் முடிபு. ஆயினும் அவ்வையர் அனைவருக்கும் ஒரே முகத்தையும் ஒரே குரலையும் தந்துவிட்டார் ஒரு நடிகை. அவர்தாம் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெயரின் முன்னெழுத்துகளில் முதலாவது ஊரைக் குறிக்கும்; இரண்டாவது தாயார் பாலாம்பாளைக் குறிக்கும். தந்தையின் துணையின்றி மூன்று மக்களை வளர்த்த அத்தாயின் வறுமை மிகக் கொடியது. சிறுமி சுந்தராம்பாள் ஓடும் இரயில் வண்டிகளில் பாடிக் காசு பெற்றுக் குடும்பத்துக்கு உதவினார். அக்குரலைக் கேட்டு வியந்தோர் அவரை நாடகத் துறைக்கு ஆற்றுப்படுத்தினர். இரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எப்.ஜி. நடேச ஐயரின் பெயர் இத்தொடர்பில் நன்றியோடு நினைக்கப்படுகிறது. பின்னர் வேலு நாயரின் நாடகக் குழுவில் அவர் இடம் பெற்றார்.

நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளைகளுள் ஒன்றாக நடித்ததே அவருடைய தொடக்க கால வேடம். பசியை நடித்துக் காட்ட அச்சிறுமிக்கு எவரும் பயிற்சி அளிக்க வேண்டியிருக்கவில்லை. அறிந்த துன்பத்தையே பாட்டாக்கினார். அவையோர் கண்ணீர் வடித்தனர். தாம் பட்டதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பாட்டாக மாற்றித் தருவது அவருடைய வாழ்நாள் வழக்கமாயிற்று.

அந்நாளைய நாடக மேடையை இன்று எண்ணிப் பார்ப்பது கடினம். ஒலிபெருக்கி இல்லை. மின்விளக்கும் எல்லா ஊர்களிலும் இல்லை. இரவு தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டாக வேண்டும். ஆகவே நடிகர்கள் உச்சச் சுருதியில் பாடப் பழகினர். அவ்வாறு பாடும்போது சொல் சிதைவது இயல்பு. சுந்தராம்பாள் பாட்டில் சொல் சிதையவில்லை. வல்லினம் வல்லினமாகவே ஒலித்தது. ழகரம் ழகரமாகவே நின்றது. இராகத்தின் விரிவுக்காகப் பாட்டின் பொருளைப் பலியிடாத அந்தப் பண்பே கவிஞர்கள் அவரைத் தம்மவராகக் கருதியதற்குக் காரணமாகும்.

அம்மேடைக்கு உரமிட்ட நகரங்களுள் மதுரை முதன்மையானது. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை இங்கே நிறுவினார். அவர் 1922இல் மறைந்தார். எனினும் அவர் எழுதிய நாடகங்கள் தமிழ்நாடெங்கும் பரவின. வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே இரவில் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு அவருடைய பாடல்களே பொதுச் சொத்தாக அமைந்தன. மதுரையைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களின் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் அவ்வகையிலேயே தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்காகவே நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்போர் உண்டு. சுந்தராம்பாளின் இளமைப் புகழும் அந்த வள்ளி வேடத்தால் வந்ததே.

1926ஆம் ஆண்டளவில் அவர் நாடகம் ஆட இலங்கை சென்றிருந்தார். அங்கே செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். கிட்டப்பா இளம் வயதிலேயே நாடக உலகின் முடிசூடா மன்னராகத் திகழ்ந்தவர். கொழும்பில் இருவரும் வள்ளியும் வேலனுமாக மேடையேறினர். இரு பெருங்குரல்கள் ஒன்றையொன்று விஞ்ச முயன்றும், ஒன்றற்கொன்று விட்டுக் கொடுத்தும் பாடியதைக் கேட்க மக்கள் திரண்டனர். கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் அவர்களுக்குத் துணை நின்றது. தாயகம் திரும்பிய பின்னும் இந்த இணையின் நாடகங்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது.

1927இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். சாதி வேறுபாடும் இருந்தது. மேடையில் வள்ளியின் காதலைக் கொண்டாடிய சமூகம் மேடைக்கு வெளியே அதே மனத்தோடு நடந்துகொள்ளவில்லை. முருகனுக்குத் தெய்வயானை இருக்க வள்ளியும் வாய்த்ததை விடிய விடிய இரசித்தவர்கள், மனிதப் பெண் ஒருத்தி அந்நிலையில் நின்றபோது அவளுக்கு உரிய இடம் எது என்று சொல்லவில்லை. பிறந்த குழந்தையும் சில நாட்களில் இறந்துபோனது. மனவேறுபாடுகளும் பிரிவும் வந்தன. கிட்டப்பாவின் உடல்நலம் குடிப்பழக்கத்தால் சீர்குலைந்தது. 1933 டிசம்பர் 2ஆம் நாள், முப்பது வயதுகூட நிரம்பாமல், அவர் மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து.

அன்று முதல் அவர் வெண்ணிற ஆடையே உடுத்தினார். அணிகளைத் துறந்தார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1980இல் கண்மூடும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாக, அவ்வுறுதி குலையவில்லை. இதனைக் கற்பின் திறமென்று புகழ்ந்தோர் பலர். அப்புகழுரை முழு உண்மையைச் சொல்வதாகாது. இரு மனைவியரை உடைய ஆடவனிடம் எக்கேள்வியும் கேளாத உலகம், இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் வாழ்நாள் முழுமையும் விலையாக வாங்கிக்கொண்டது என்பதும் உண்மையே. அவருடைய பெருமை துயரத்தை ஏற்றதில் இல்லை. அத்துயரம் வகுத்த எல்லைக்குள் நின்றுகொண்டே, அதுவரை எந்த நடிகைக்கும் இல்லாத ஓர் இடத்தைத் தமக்கென அமைத்துக்கொண்டதில்தான் இருக்கிறது.

காதலியாக நடிக்காத கதாநாயகிக்குத் திரையில் என்ன வேலை என்று கேட்கத்தக்க காலம் அது. விடை 1935இல் வந்தது. பக்த நந்தனார் படத்தில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில், நடித்தார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக உடன் நடித்தார். அப்படத்துக்காகச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அக்காலத்தில் ஆண் நடிகர்களும் கனவு காணாத தொகை அது. படம் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. கல்கி அதனை நையாண்டி செய்து எழுதினார். ஆயினும் ஒரு பெண்ணின் குரலுக்குச் சந்தை கொடுத்த மதிப்பு அதனால் பொய்யாகிவிடவில்லை.

1940இல் மணிமேகலை வந்தது. அரசகுமாரனின் காதலை விலக்கி, அட்சய பாத்திரம் ஏந்திப் பசிப்பிணி தீர்த்த துறவியின் கதை அது. பசியால் பாடத் தொடங்கிய சிறுமி பசி தீர்க்கும் தெய்வ மகளாகத் தோன்றினார்.

இதனிடையே விடுதலைப் போராட்டம் நாடக மேடையையும் பற்றிக்கொண்டிருந்தது. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாத தாஸ் முருகன் வேடத்திலேயே தேசியப் பாடல்களைப் பாடிச் சிறை சென்றார். சுந்தராம்பாளும் கதர் உடுத்தி, தேசியப் பாடல்களை இசைத்தட்டுகளில் பாடி, சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் ஏறினார். தலைவர் வரும் வரை கூட்டத்தைக் கட்டி வைத்திருக்க அவர் குரல் பயன்பட்டது என்று மட்டும் கருதுவது பிழை. எழுத்தறியாத பல்லாயிரவருக்கு அரசியல் முதன்முதலில் பாட்டாகவே சென்று சேர்ந்தது. 1950களில் அவர் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைத்துறையிலிருந்து சட்டமன்றத்துள் நுழைந்த முதல் கலைஞர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார்.

1953இல் ஜெமினி நிறுவனத்தின் அவ்வையார் வெளிவந்தது. எஸ்.எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். கதையில் இளம் அவ்வை திருமணத்தை விரும்பாமல் முதுமையை வேண்டிப் பெறுகிறாள். இளம் பருவத்தில் குசலகுமாரி நடித்தார். முதுமை எய்திய அவ்வையாகச் சுந்தராம்பாள் தோன்றினார். இளமையை விட்டு முதுமையைக் கேட்டு வாங்கிய புலவரின் கதை அவருடைய சொந்த வாழ்வுக்கு மிக அருகில் நின்றது. மன்னர்களைத் தட்டிக் கேட்கவும், எளியவர் குடிசையில் கூழுண்டு வாழ்த்தவும், தெய்வத்தோடு வழக்காடவும் உரிமை பெற்ற ஒரு பெண்ணைத் தமிழ்த்திரை அப்போது கண்டது. அவளுடைய தகுதி அழகன்று, குலமன்று, தமிழ் ஒன்றே. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுந்த புலவர் சிலைகளுள் அவ்வைக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதனை வழங்கியவரும் வாசனே.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1964இல், மு. கருணாநிதியின் திரைக்கதையில் உருவான பூம்புகாரில் அவர் கவுந்தியடிகளாக நடித்தார். காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், சைவப் பற்று மிக்கவர், மாற்று அரசியல் அணியினரின் படத்தில் சமணத் துறவியாக வருவதற்கு முதலில் தயங்கினார். தயக்கம் தீர்ந்து அவர் ஏற்ற பின்னர் அவ்வேடம் வேறொருவரால் இயலாதது என்று ஆகிவிட்டது. சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் புகாரிலிருந்து அழைத்து வந்து, வையையைக் கடந்து தென்கரை சேர்த்து, மதுரையின் புறத்தே ஆயர் குல மாதரியிடம் கண்ணகியை அடைக்கலம் தந்தவர் கவுந்தி. அவனியாபுரம் அமைந்திருப்பதும் அத்தென்கரைப் பக்கமே. தாம் காத்து வந்த இணை சிதைந்தது கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த அந்த மூதாட்டியின் துயரம் இப்பகுதி மக்களுக்கு ஏட்டுச் செய்தி அன்று, ஊர்ச் செய்தி.

மறு ஆண்டில் மதுரைப் புராணமே திரைக்கு வந்தது. ஏ.பி. நாகராசனின் திருவிளையாடல் படத்தில் அவர் மீண்டும் அவ்வை. கனி கிடையாமல் சினந்து மலையேறிய முருகனைப் பாடி ஆற்றுகிறார். அங்கே அவர் குரலில் ஒலித்த பாடல்களுள் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடலும் ஒன்று. மதுரை மண்ணில் நாடகம் வளர்த்தவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், அவர் யாத்த தமிழ் மின்னொளித் திரையில் புத்துயிர் பெற்றது. முன்னர் முருகனைக் காதலித்த வள்ளியாகப் பாடியவர், இப்போது முருகனுக்கே அறிவுரை சொல்லும் பாட்டியாகப் பாடினார்.

1967இல் கந்தன் கருணை, 1969இல் துணைவன் எனப் பக்திப் படங்கள் தொடர்ந்தன. துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1973இல் காரைக்கால் அம்மையாரில், இளமைப் பருவத்துப் புனிதவதியாக லட்சுமி நடிக்க, பேயுருவை இறைவனிடம் வேண்டிப் பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாள் நடித்தார். 1975இல் திருவருளில் தோன்றினார்.

மணிமேகலை, அவ்வை, கவுந்தி, காரைக்கால் அம்மையார். நால்வரும் இல்லறத்தின் எல்லைக்கு அப்பால் நின்ற பெண்கள், நால்வரும் சொல்லால் ஆட்சி செய்தவர்கள், இருவர் பெரும்புலவர்கள். தமிழ் இலக்கியத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்தும் காட்சிக் கலையில் இடம் பெறாதிருந்த இம்மரபுக்கு ஒரு தனி நடிகை உடல் தந்தார். அவர் ஏற்காதிருந்திருந்தால் இவ்வேடங்களை வேறு யாரேனும் ஏற்றிருக்கக்கூடும். ஆனால் நரைத்த கூந்தலும் வெண்ணிற ஆடையும் உடைய ஒரு பெண் வாய் திறந்தால் திரையரங்கு முழுவதும் அமைதியாகும் என்னும் உறுதி தயாரிப்பாளர்களுக்கு வந்தது அவராலேதான்.

1980இல் அவர் மறைந்தார். கைம்மை என்பது பெண்ணின் குரலை ஒடுக்குவதற்காக வகுக்கப்பட்ட வழக்கம். சுந்தராம்பாள் அதன் வெண்ணிற ஆடையை உடுத்தியபடியே மேடையேறினார். ஒடுங்கியிருக்க வேண்டிய குரலை உச்சச் சுருதியில் எழுப்பினார். தமிழ்ச் சொல்லுக்குத் தன் முழு உயரத்தில் நிற்கும் ஆற்றல் உண்டென்று ஐயுறும் எந்தக் கவிஞனும் அக்குரலை ஒருமுறை கேட்பது நலம்.