கதவைத் திறந்து வைத்த டாக்டர் அம்மையார்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இதனால் தந்தையை உறவினர்கள் ஒதுக்கி வைத்தனர். பெண் என்பதோடு தாய்வழிப் பிறப்பும் சேர்ந்து, சிறுமியின் முன்னால் இரட்டைச் சுவராக நின்றது.

வீட்டிலேயே பாடம் படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றனர் பெற்றோர்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். கல்லூரி முழுவதும் ஆண்கள். பெண் இவர் ஒருவர்தான்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1875இலேயே அங்கு நான்கு பெண்கள் சேர்ந்திருந்தும், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மாணவிகள் மிகச் சொற்பமே. உடல்நலக் குறைவோடு போராடிப் படித்து, 1912இல் தங்கப் பதக்கங்களுடன் பட்டம் பெற்றார். தந்தையின் பிடிவாதமும் மன்னரின் துணிவும் இல்லையென்றால் அந்த அறிவு புதுக்கோட்டை வீட்டுக்குள்ளேயே முடங்கியிருக்கும்.

பெற்ற உதவியை அம்மையார் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. சென்னை மாகாண மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அம்முறையை விட்டு ஓடி வந்த பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகளோ சாதி சொல்லி அவர்களைச் சேர்க்க மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930களின் தொடக்கத்தில் அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. வெறும் சோறும் பாயும் மட்டுமல்ல, படிப்பும் அங்கே கிடைத்தது. ஆதரவற்றுக் கிடந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் தலைநிமிர்ந்தனர்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தால், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் இருந்தவை 12 படுக்கைகளே. மறு ஆண்டு, கிடைத்த அரசு வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார் இளம் டாக்டர் வி. சாந்தா. 2021இல் மறையும் வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை. வாரிசைத் தேடிப் பிடித்து வளர்ப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான் என்பதை அம்மையார் காட்டிவிட்டார்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22இல் மறைந்தார்.

பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த தமிழ்க் குடும்பங்களிலும், வீட்டில் முதலாவதாக நர்சிங், மருத்துவம் படிக்கப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். பாஷை புதிது, விடுதி புதிது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. ஸீட் கிடைத்ததோடு காரியம் முடிந்துவிடாது. முன்னால் படித்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று வழி சொன்னால்தான் அந்தப் பெண் பாதியில் திரும்பமாட்டாள். அம்மையார் வாழ்ந்து காட்டியதும் இதைத்தான்.