நெருப்பு மதில்: புனித தேவசகாயத்தின் வாழ்வில் ஒரு சிந்தனை



இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளில் வாழும் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே இயற்கை எழுப்பிய மதில். பாளையம் என்றாலே படை தங்கும் இடம் என்று பொருள். காவலுக்குப் பேர்போன நாய் இனம் ஒன்று நம் ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இருந்தும் வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதன்மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து, இரும்புக் கதவைப் பூட்டிய பிறகும் நம்மில் பலருக்கு நிம்மதியான தூக்கம் வருவதில்லை. உண்மையில் நம்மைக் காப்பது எது?

இதே கேள்வி எருசலேம் மக்களுக்கும் எழுந்தது. கி.மு. 587இல் பாபிலோனியர் அந்நகரையும் கோவிலையும் இடித்துத் தள்ளினர். பாரசீக மன்னர் சைரசின் ஆணையால் மக்கள் நாடு திரும்பியபோது வரவேற்றவை இடிபாடுகளே. தொடங்கிய கோவில் வேலை பாதியில் நின்றது. நகருக்கு மதில் இல்லை. சுற்றிலும் பகைவர்கள். அந்தச் சூழலில்தான் கி.மு. 520இல் ஆகாய், செக்கரியா என்னும் இறைவாக்கினர்கள் பேசத் தொடங்கினர்.

செக்கரியா ஒரு காட்சி காண்கிறார். அளவுநூல் பிடித்த ஒருவர் எருசலேமின் அகலத்தையும் நீளத்தையும் அளக்கப் போகிறார். வானதூதர் வழியாக அவருக்குச் செய்தி வருகிறது. மக்களும் கால்நடைகளும் பெருகப்போவதால் எருசலேம் மதில் இல்லாத நகராய் இருக்கும். ஆண்டவரே அதைச் சுற்றி நெருப்பு மதிலாகவும், அதன் நடுவில் மாட்சியாகவும் விளங்குவார். செக்கரியா நூலின் இரண்டாம் அதிகாரம் தரும் வாக்குறுதி இது. பல இனத்தாரும் அந்நாளில் ஆண்டவரோடு சேர்ந்துகொள்வார்கள் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. கல் மதில் ஆட்களை வெளியே நிறுத்தும். நெருப்பு மதிலோ உள்ளே வருவோருக்கு இடம் வைத்திருக்கும்.

இந்த வாக்குறுதியை நம் தமிழ் மண்ணில் வாழ்ந்து காட்டியவர் புனித தேவசகாயம். நம் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் தெற்கே நீண்டு சென்று தாழும் ஆரல்வாய்மொழிதான் அவர் உயிர் கொடுத்த இடம்.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். உயர்சாதிக் குடும்பம், நல்ல கல்வி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணி. மன்னரின் நம்பிக்கை என்னும் வலிமையான மதில் அவரைச் சுற்றி இருந்தது.

1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் மன்னரின் படைக்குப் பயிற்சி அளிப்பவரானார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தினார். அவரும் நீலகண்டனும் நண்பர்கள் ஆனார்கள். அந்நாளில் நீலகண்டனின் கால்நடைகள் மடிந்தன, பொருள் கரைந்தது, மனம் உடைந்தது. கோட்டை கட்டத் தெரிந்த நண்பர் அவருக்குச் சொன்னது வேலியை இழந்த ஒரு மனிதரின் கதை. யோபுவைச் சுற்றிக் கடவுள் வேலி அமைத்திருப்பதாகச் சாத்தான் குறை கூறியதையும், அந்த வேலி எடுக்கப்பட்டு எல்லாம் போன பின்னும் யோபு கடவுளை விடாததையும் யோபு நூலில் வாசிக்கிறோம். அந்தக் கதை நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபை அருட்தந்தை புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆனது. கடவுளே உதவி என்பது அதன் பொருள். அவருடைய மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார்.

அதன் பிறகு அவர் மனிதர் கட்டிய மதில்களுக்குள் அடங்கவில்லை. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார். அரசவையில் பகை வளர்ந்தது. துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். எருமையின் மீது ஏற்றி, எருக்கம்பூ மாலை அணிவித்து ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். அடித்த காயங்களில் மிளகாய்ப் பொடி தடவினர். மூன்று ஆண்டுகளாக நீண்ட இந்தக் கொடுமையின் முடிவில், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளைச் சேகரித்த மக்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

நெருப்பு மதில் எங்கே போனது என்று நாம் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நோயில் பிள்ளையை இழந்த தாயும், வேலை இழந்த தொழிலாளியும் கேட்பது இதையே. துப்பாக்கிக் குண்டு தேவசகாயத்தின் உடலைத் துளைத்தது. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று ஆண்டுச் சித்திரவதையால் அவருடைய நம்பிக்கையைத் தொட முடியவில்லை. ஒரு சொல் மறுத்துச் சொல்லியிருந்தால் பழைய பதவி திரும்பக் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. செக்கரியாவின் வாக்குறுதியில் மதிலுக்கு அடுத்து வருவது நடுவில் தங்கும் மாட்சி. அந்த மாட்சி அவருக்குள் அணையாமல் காக்கப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அப்போது சாதிப் பெயர் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்றே திருச்சபை அவரை அழைத்தது.

நாம் வெட்கத்தோடு நினைத்துப் பார்க்க வேண்டிய வரலாறு ஒன்றும் உண்டு. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் சாதிகளைப் பிரிக்க ஒரு சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. அந்தப் பிரிவினை மீண்டும் வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். ஆண்டவர் நெருப்பு மதிலாய்ச் சூழ்ந்திருக்கும் இடத்தில், உள்ளே நாமே ஒரு சுவர் எழுப்பினால் அவருடைய மாட்சி எங்கே தங்கும்?

இன்று நம் பங்கில் செங்கல் சுவர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், கல்லறையில் யாருக்கு எந்த இடம், யார் வீட்டில் சாப்பிடலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்று பேசும்போது அந்தச் சுவர் நம் மனத்தில் நிற்கிறதா எனப் பார்ப்போம். பயமே சுவர்களைக் கட்டுகிறது. கடவுளே காவல் என்று நம்புகிறவருக்கு அண்டை வீட்டாரைக் கண்டு பயம் வருவதில்லை.

இந்த வாரம் செக்கரியா நூலின் இரண்டாம் அதிகாரத்தைக் குடும்பமாக அமர்ந்து வாசிப்போம். நாம் இதுவரை படியேறாத ஒரு வீட்டுக்குச் சென்று நலம் விசாரித்து வருவோம்.

எங்களைச் சூழ்ந்து காக்கும் இறைவா, உம் மாட்சி எங்கள் நடுவில் தங்க, நாங்கள் எழுப்பிய சுவர்களை இடித்துப் போடும் துணிவை எங்களுக்குத் தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.