குண்டுவீச்சை எதிர்த்தவர் குண்டுவீச்சையே நம்பினார்: வியட்நாமில் ஜோன் போல் வான்

வியட்நாமில் அமெரிக்காவின் போர்முறை தோற்கும் என்று முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர், அந்நாட்டு இராணுவத்தின் லெப்டினன்ட் கேணல் ஜோன் போல் வான். பத்து ஆண்டுகளின் பின்னர் விமானக் குண்டுகளை நம்பிப் போரை நடத்தியவரும் அவர்தான்.

1924இல் வேர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரில் வறிய குடும்பமொன்றில் பிறந்த அவர், 1943இல் படையில் சேர்ந்தார். கொரியப் போரிலும் பணியாற்றினார். 1962 மார்ச்சில் தென் வியட்நாம் வந்து, மீகொங் கழிமுகத்திலுள்ள மை தோ நகரில் அந்நாட்டு இராணுவத்தின் 7ஆவது டிவிஷனுக்கு ஆலோசகரானார்.

அங்கே ஒரு மரவரிசையிலிருந்து ஒரு வேட்டுச் சத்தம் கேட்டாலே போதும், கிராமம் முழுவதன் மீதும் எறிகணைகளும் விமானக் குண்டுகளும் விழுந்தன. சுட்ட கெரில்லாக்கள் பெரும்பாலும் தப்பிவிட, விவசாயிகளும் பெண்களும் குழந்தைகளும் உயிரிழந்தனர். அவர்களும் கொல்லப்பட்ட கெரில்லாக்களாகவே கணக்கில் சேர்க்கப்பட்டனர். இப்படி வீட்டையும் உறவையும் இழந்தவர்கள்தான் நாளை கெரில்லாக்களாக வருவார்கள் என்றார் வான். இத்தகைய போரில் கத்தியே சிறந்த ஆயுதம், அடுத்தது துப்பாக்கி, எல்லாவற்றிலும் மோசமானது விமானம் என்பது அவரது வாதம்.

1963 ஜனவரி 2ஆம் திகதி அப் பாக் கிராமத்தில் சுமார் 350 கெரில்லாக்களை ஆயிரத்துக்கும் அதிகமான அரச படையினர் சுற்றிவளைத்தனர். உலங்குவானூர்திகள், கவசவாகனங்கள், ஆட்லறிகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஐந்து உலங்குவானூர்திகள் வீழ்ந்தன. சுமார் 80 அரச படையினரும் மூன்று அமெரிக்கர்களும் கொல்லப்பட்டனர். கெரில்லாக்கள் இரவோடிரவாக வெளியேறினர். வெறுமையான கிராமத்தைப் பிடித்ததை வெற்றி என அறிவித்தது சைகோனிலிருந்த அமெரிக்கத் தலைமையகம்.

உண்மையை வான் அறிக்கையாக எழுதினார். பத்திரிகையாளர்களுக்கும் சொன்னார். 1963 ஜூலையில் வொஷிங்டனில் முப்படைத் தளபதிகளுக்கு அவர் அளிக்கவிருந்த விளக்கவுரை, அன்றைய தினமே இரத்துச் செய்யப்பட்டது. அம்மாத இறுதியில் இராணுவத்திலிருந்து விலகினார்.

1965இல் அமெரிக்க உதவி நிறுவனத்தின் சிவில் அதிகாரியாக வியட்நாம் திரும்பினார். அதே ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை பெருமளவில் வந்திறங்கியது. ஜெனரல் வெஸ்ற்மோர்லண்ட் தலைமையில் தேடி அழிக்கும் நடவடிக்கைகள் தொடங்கின. வெற்றி, பிடித்த நிலத்தால் அன்றிப் பிணங்களின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. கண்டபடி சுடலாம் என அறிவிக்கப்பட்ட வலயங்களிலிருந்து மக்கள் அகதி முகாம்களுக்கு இடம்பெயர்ந்தனர். காணியும் நேர்மையான நிர்வாகமும் கொடுக்காமல் மக்களை வெல்ல முடியாது என்று வான் மீண்டும் வாதிட்டார்.

1968இன் ரெற் தாக்குதலில் கெரில்லாக்கள் பேரிழப்பைச் சந்தித்தபின் அவர் மாறினார். போரை வெல்லலாம் என்று நம்பத் தொடங்கினார். 1971இல் மத்திய மலைநாட்டில், சிவில் அதிகாரியாக இருந்துகொண்டே ஒரு ஜெனரலுக்குரிய அதிகாரத்தைப் பெற்றார். 1972 வசந்தகாலத்தில் வட வியட்நாம் இராணுவம் டாங்கிகளுடன் கொன் தும் நகரை நெருங்கியபோது, பி-52 விமானங்களின் குண்டுவீச்சை இரவுபகலாக நெறிப்படுத்தி நகரைக் காத்தார். இம்முறை எதிரே நின்றது மரபுவழி இராணுவம் என்பது உண்மை. ஆனால் பத்து ஆண்டுகள் அமெரிக்கா வளர்த்த படையால் அந்த விமானங்கள் இன்றி நிற்க முடியவில்லை என்பதும் உண்மை.

அவ்வாண்டு ஜூன் 9ஆம் திகதி இரவு கொன் தும் செல்லும் வழியில் உலங்குவானூர்தி மரங்களில் மோதி விழ, வான் உயிரிழந்தார். ஆர்லிங்டன் மயானத்தில் முழு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். போரை நடத்தியவர்களும், அதை எதிர்த்த டானியல் எல்ஸ்பேர்க்கும் அங்கே ஒன்றாக நின்றனர்.

அவர் காத்த நகரை 1975 மார்ச்சில் தென் வியட்நாம் படை தானாகவே கைவிட்டது. அடுத்த மாதம் சைகோனும் வீழ்ந்தது. மக்களைக் கொன்று அந்த மக்களின் ஆதரவைப் பெற முடியாது என்ற உண்மை 1963இலேயே அமெரிக்காவின் கையில் இருந்தது. அதைக் கேட்க அன்று எவரும் விரும்பவில்லை. அதிகாரம் கைக்கு வந்தபோது, அதைச் சொன்னவரும் குண்டுவீச்சிலேயே நம்பிக்கை வைத்தார். அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் வியட்நாமியக் கிராமத்தவர்களே.