பிள்ளை வேண்டாமென்ற கார்வே

கல்யாணமாகி ஆறு மாதம் போனால் விசேஷம் உண்டா என்று கேட்கிற தேசம் நம்முடையது. அப்படியிருக்க, அன்றைய பம்பாயிலேயே பிள்ளை வேண்டாமென்று மனைவியுடன் சேர்ந்து தீர்மானித்து, அப்படியே வாழ்ந்தும் காட்டியவர் ரகுநாத் கார்வே. விதவைகளின் கல்விக்காக உழைத்த மகரிஷி கார்வேயின் மூத்த மகன். 1882-ல் பிறந்தவர், வில்சன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்.

1921-ல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக எடுத்ததே 1952-ல்தான்! பாதிரிமார் நடத்திய கல்லூரிக்கு அவர் பிரசாரம் பிடிக்கவில்லை, உத்தியோகம் போயிற்று. மனைவி மாலதியின் துணிவு இன்னும் பெரிது என்பேன். பிள்ளையில்லாத வீட்டில் ஊர்ப்பழி முதலில் பெண் தலையில்தானே விழும்? மறையும்வரை அவர் கணவருக்குப் பக்கபலமாகவே நின்றார்.

1927-ல் கார்வே 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாதப் பத்திரிகை தொடங்கினார். அதில் வாசகர்கள் கூச்சப்பட்டு யாரிடமும் கேட்க முடியாத சந்தேகங்களுக்குப் பதில் எழுதினார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934-ல் அவருக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். இருந்தும் தோல்விதான், 200 ரூபாய் அபராதம். கட்டிவிட்டு அடுத்த இதழ் வேலையைப் பார்த்தார் மனிதர். 1953-ல் கண்மூடும்வரை பத்திரிகையை அவர் விடவில்லை.