முகத்தைப் படித்த மருத்துவர் சார்லஸ் பெல்



வாட்டர்லூ தெருவுக்குப் போகாத தமிழர் சிங்கப்பூரில் குறைவு. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். கிருஷ்ணன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துச் சீனக் கோயிலின் ஊதுவத்திப் புகையைத் தாண்டி வரும்போது, இந்த வாட்டர்லூ யார் பேரு, எந்த ஊரு என்று எப்போதாவது யோசித்ததுண்டா? அது பெல்ஜியத்தில் உள்ள ஓர் ஊர். 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் நெப்போலியன் அங்கேதான் தோற்றான். வென்ற தளபதியின் பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்காக லண்டனிலிருந்து ஓடிப்போன ஒரு மருத்துவரின் கதையைத்தான் நான் சொல்லப் போகிறேன். அவர் பெயர் சார்லஸ் பெல். அவருக்கும் நம் வீட்டு முகங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

என் சிறுவயதில் எங்கள் அத்தை ஒருவர் காலையில் எழுந்து வாய் கொப்பளித்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, ஒரு கண் மூடவே இல்லை. பால்மரம் வெட்ட விடியற்காலைப் பனியில் போனவர். அதனால் "காத்து அடிச்சிருக்கு" என்றார்கள் பெரியவர்கள். எண்ணெய் தடவினார்கள், மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். மூன்று வாரம் போயிற்று. முகம் மெல்லத் திரும்பியது. ஆனால் மூடாமல் காய்ந்து கிடந்த கண்ணில் புண் வந்து, பார்வை மங்கியது மங்கியதுதான். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள்.

அத்தைக்கு வந்த நோயை நாம் முகவாதம் என்கிறோம். உலகம் முழுவதும் டாக்டர்கள் அதைப் பெல்ஸ் பால்ஸி என்று சொல்லுவாங்க. நம் கதாநாயகரின் பெயர்தான் அது.

சார்லஸ் பெல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1774 நவம்பரில் பிறந்தார். அப்பா ஒரு பாதிரியார். மகனுக்கு ஐந்து வயது ஆகும்போதே காலமானார். கையில் காசு இல்லாத தாய், பையனுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பென்சில்தான் பின்னால் அவருக்குக் கத்திக்குச் சமமான கருவியாயிற்று. அண்ணன் ஜான் பேர்பெற்ற அறுவை மருத்துவர். தம்பி அவரிடமே உடற்கூறு கற்றார். ஆனால் அண்ணனுக்கும் ஊர்ப் பெரிய டாக்டர்களுக்கும் இருந்த பகை தம்பி தலையில் விடிந்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனையின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. 1804இல் லண்டன் போனார்.

அங்கே அவரைத் தெரிந்தவர் அதிகம் இல்லை. ஓவியர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். 1806இல், முகத்தில் கோபமும் சிரிப்பும் அழுகையும் எந்தத் தசைகளால் வருகின்றன என்பதைப் படம் போட்டு ஒரு புத்தகமாக வெளியிட்டார். டாக்டர்களுக்கு முன்னால் ஓவியர்களுக்காக எழுதிய புத்தகம் அது! முகத்தின் மேல் அவருக்கு இருந்த பித்து அங்கே தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

1815இல் வாட்டர்லூச் செய்தி லண்டனுக்கு வந்ததும், மைத்துனர் ஜான் ஷாவுடன் பிரஸ்ஸல்ஸ் நகருக்குக் கிளம்பினார். தோற்ற பிரெஞ்சு வீரர்களைக் கவனிக்க அங்கே ஆள் குறைவு. எதிரி என்று பார்க்காமல் அவர்களிடமே போனார். மூன்று நாள், காலை முதல் மாலை வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை. உடுப்பெல்லாம் இரத்தத்தில் விறைத்துப்போயிற்று. கையைத் தூக்கத் தெம்பில்லை. மயக்க மருந்து வர இன்னும் 31 ஆண்டுகள் இருந்தன என்பதை மறக்காதீர்கள். அவர் கை கால் எடுத்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. இடையிடையே காயம்பட்டவர்களைப் படமாக வரைந்தும் வைத்தார். அந்த ஓவியங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

இனி அவர் கண்டுபிடிப்புக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாணவர்கள் தங்கள் கையையே பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

மூளையிலிருந்து தலைக்குள் 12 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. முகத்துக்கு முக்கியமானவை இரண்டு: ஐந்தாவது, ஏழாவது. ஐந்தாவது நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றிக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் போகிறது. சூடு, குளிர், கிள்ளினால் வலி, பல்வலி எல்லாம் இதன் வழியாகத்தான் தெரிகின்றன. மெல்லும் தசைகளை அசைப்பதும் இதுவே. பல் பிடுங்க ஊசி போட்டதும் உதடு மரத்துப்போகிறதே, அது இந்த நரம்பின் கிளை தூங்குவதால்தான்.

ஏழாவது நரம்பு காதுக்குக் கீழே எலும்பில் உள்ள ஒரு சிறு துளை வழியே வெளியே வருகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியைக் காதோரம் வைத்து, கட்டைவிரல் நெற்றிப்பொட்டுப் பக்கமும் சுண்டுவிரல் கழுத்துப் பக்கமும் இருக்கும்படி ஐந்து விரலையும் விரித்துப் பாருங்கள். ஏறக்குறைய அப்படித்தான் அது ஐந்து கிளையாக விரிகிறது. நெற்றி சுருக்குவது, கண் மூடுவது, சிரிப்பது, விசில் அடிப்பது எல்லாம் இதன் வேலை.

பெல் காலத்தில் இந்த இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்ற எண்ணமே பரவியிருந்தது. ஒரு முகத்துக்கு எதற்கு இரண்டு நரம்பு என்று அவர் கேட்டார். உயிருள்ள பிராணிகளை அறுப்பது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒரு கழுதையின் ஏழாவது நரம்பை வெட்டிப் பார்த்தார். அந்தப் பக்க மூக்குத்துளை மூச்சுக்கு ஏற்ப விரிவது நின்றுபோனது. 1821இல் லண்டன் ராயல் சங்கத்தில் இதை அறிவித்தார். ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இறங்கி அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. ஐந்தாவது நரம்பின் கிளையை வெட்டியபோது கழுதையால் உதட்டால் தானியத்தைப் பொறுக்க முடியவில்லை. உதட்டை அசைக்கும் சக்தி போய்விட்டது என்று பெல் முடிவு கட்டினார். அது தவறு. உதடு அசையத்தான் செய்தது. தானியம் பட்டதே அதற்குத் தெரியவில்லை! அடுத்த ஆண்டே இதைச் சரியாகச் சொன்னவர், அவரிடமே படித்த ஹெர்பர்ட் மேயோ. முதுகுத்தண்டு நரம்புகளில் உணர்ச்சி வேர் எது, அசைவு வேர் எது என்று 1822இல் தெளிவாக நிரூபித்தவர் பிரெஞ்சுக்காரர் மஜாந்தி. பெல் 1824இல் தம் பழைய கட்டுரைகளை மறுபடி அச்சிட்டபோது, புதிய உண்மைக்குப் பொருந்தும்படி சொற்களை மாற்றிவிட்டார். பெரிய மனிதர்தான்; இந்த இடத்தில் சிறிய காரியம் செய்தார். முகவாத நோயையும் அவர்தான் முதலில் கண்டார் என்பதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் பாரசீக மருத்துவர் அல்-ராஸி அதை எழுதியிருக்கிறார். ஏழாவது நரம்பின் வேலையோடு நோயை இணைத்துக் காட்டியதால்தான் பெல்லின் பெயர் நிலைத்தது.

அந்த இணைப்பால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். வாய் கோணுவது முகவாதத்திலும் வரும், மூளையைத் தாக்கும் பக்கவாதத்திலும் வரும். முகவாதத்தில் ஏழாவது நரம்பே கெட்டுக் கிடப்பதால், அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. டாக்டர் உங்களைப் புருவத்தை உயர்த்தச் சொல்வது இதைப் பார்க்கத்தான். அந்தத் தீர்ப்பை நாமே வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டாம். வாய் கோணினால், அதோடு கை துவண்டாலோ பேச்சு குழறினாலோ, உடனே 995க்கு அடியுங்கள். ஜொகூர்ப் பக்கம் 999. முகம் மட்டும் என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன். மருந்தே இல்லாமலும் பத்தில் ஏழு பேருக்கு முழுசாகச் சரியாகும். ஆனால் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இராத்திரி இமையை மூடி ஒட்டி வைக்க வேண்டும். எங்கள் அத்தைக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

பெல் 1831இல் சர் பட்டம் பெற்றார். 1836இல், தம்மைக் கதவுக்கு வெளியே நிறுத்திய அதே எடின்பரோவுக்கு அறுவை மருத்துவப் பேராசிரியராகத் திரும்பினார். ஆறு ஆண்டு கழித்து, லண்டனுக்குப் போகும் வழியில் உஸ்டர் நகருக்கு அருகே ஹாலோ என்ற சிற்றூரில் நண்பர் வீட்டில் தங்கினார். வெகுநாளாக அவரை வாட்டிய நெஞ்சுவலி அங்கே மறுபடி வந்தது. 1842 ஏப்ரல் 28ஆம் நாள் உயிர் பிரிந்தது. அப்போது வயது 67. ஹாலோவிலேயே அடக்கம் செய்தார்கள்.