மேரி ஆண்டர்சன்: மொன்றியல் நிராகரித்த கண்ணாடித் துடைப்பான்

நவம்பர் மாதம் பிறந்ததும் கனடாவின் டொரோண்டோ பெருநகரில், ஸ்கார்பரோ முதல் மார்க்கம் வரை, கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்துக்கான டயர்களைப் பூட்டுகிறார்கள். கூடவே பலர் முன்கண்ணாடியின் வைப்பர்களையும் மாற்றிவிடுகிறார்கள். டயருக்குப் பட்டறை தேவை. வைப்பருக்கு வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் போதும். வைப்பரின் கையை நிமிர்த்தி, கொக்கியின் அருகில் உள்ள சிறு தடுப்பை விரலால் அழுத்தினால் பழைய வைப்பர் கழன்றுவிடும். புதியதை அதே கொக்கியில் செருகினால் வேலை முடிந்தது. அப்போது கண்ணாடியின் மேல் தடித்த துணி ஒன்றை விரித்து வைப்பது நல்லது. வைப்பர் இல்லாத வெறும் கை தவறி விழுந்தால், அதிலுள்ள ஸ்பிரிங்கின் விசை கண்ணாடியில் கீறல் விழச்செய்யும் அளவுக்கு வலுவானது.

அந்த ஸ்பிரிங், அதன் முனையில் உள்ள ரப்பர், தேவைப்படும்போது கழற்றி மாட்டும் வசதி ஆகிய மூன்றும் நூறாண்டுகளுக்கும் முன்னர் ஒரு பெண் பெற்ற காப்புரிமையில் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தவை. அவர் பெயர் மேரி ஆண்டர்சன். பனியே அரிதான அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தவர். அவரது கண்டுபிடிப்பை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதோ, பனிக்குப் பெயர்போன கனடாவின் நிறுவனம் ஒன்று.

மேரி ஆண்டர்சன் 1866ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி அலபாமா மாநிலத்தின் கிரீன் மாவட்டத்தில், பர்ட்டன் ஹில் என்ற பெருந்தோட்டத்தில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட மறு ஆண்டு அது. அடிமை உழைப்பில் செழித்த தோட்ட முதலாளிகளின் உலகம் சரிந்துகொண்டிருந்தது. நான்கு வயதில் அவர் தந்தையை இழந்தார். ஆயினும் அவரது குடும்பம் வறுமையில் வீழ்ந்துவிடவில்லை. தந்தை விட்டுச்சென்ற சொத்தின் வருவாயில் தாயும் மகள்களும் வாழ முடிந்தது. 1889இல் அவர்கள் இரும்புத் தொழிலால் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்து, ஹைலேண்ட் அவென்யூவில் ஃபேர்மாண்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார்கள்.

மேரி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1893இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவுக்குச் சென்று, 1898 வரை அங்கே மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தினார். பின்னர் நோயுற்ற உறவுப் பெண்மணி ஒருவரைப் பராமரிக்க பர்மிங்காம் திரும்பினார். அந்தப் பெண்மணி விட்டுச்சென்ற பெட்டிகளில் தங்கமும் நகைகளும் இருந்ததாகவும், அதனால் குடும்பத்தின் நிலை மேலும் வசதியானதாகவும் சொல்லப்படுவதுண்டு. பொறியியல் படித்தவர் அல்ல. ஆனால் பண்ணையையும் வாடகைக் கட்டடத்தையும் நிர்வகித்தவருக்கு, ஒரு குறையைக் கண்டால் அதைச் சரிசெய்வது எப்படி என்று யோசிக்கும் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

1902ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு குளிர்காலத்தில் அவர் நியூயார்க் சென்றிருந்தார். மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் அவர் ஏறிய மின்சார டிராம் வண்டியின் ஓட்டுநருக்கு எதிரே இருந்த கண்ணாடி முற்றிலும் மறைந்துபோனது. அக்காலத்து டிராம்களின் முன்கண்ணாடி பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பார்வை மறைந்தால் நடுப்பகுதியைத் திறந்துவிட்டு, முகத்தில் அடிக்கும் பனியைத் தாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். அல்லது வண்டியை நிறுத்தி, இறங்கி, கையால் துடைக்க வேண்டும். பயணிகள் இதை இயல்பானதாக எடுத்துக்கொண்டார்கள். மேரி எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியதும் வரைபடம் தயாரித்து, மாதிரி ஒன்றையும் செய்வித்தார். 1903 ஜூன் 18ஆம் தேதி விண்ணப்பித்து, நவம்பர் 10ஆம் தேதி 743801 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றார். ஓட்டுநர் வண்டிக்குள் இருந்தபடியே ஒரு கைப்பிடியைத் திருப்புவார். வெளியே ரப்பர் பொருத்திய கை கண்ணாடியின் மீது நகர்ந்து, ஸ்பிரிங்கின் விசையால் பழைய இடத்துக்குத் திரும்பும். ரப்பர் கண்ணாடியோடு எப்போதும் ஒட்டியிருக்க எதிர்எடை ஒன்றும் உண்டு. குளிர்காலம் முடிந்ததும் முழுவதையும் கழற்றி வைத்துவிடலாம். இதே காலத்தில் வேறு சிலரும் கண்ணாடி துடைக்கும் கருவிகளுக்குக் காப்புரிமை கோரியிருந்தார்கள் என்பதால், முதல் கண்டுபிடிப்பாளர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. செயல்படக்கூடிய முதல் வைப்பர் இவருடையது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

1905இல் இந்தக் காப்புரிமையை விற்க அவர் மொன்றியல் நகரின் டின்னிங் அண்ட் எக்கன்ஸ்டைன் என்ற நிறுவனத்தை அணுகினார். விற்பனையை ஏற்று நடத்தும் அளவுக்கு இக்கருவிக்கு வணிக மதிப்பு இருப்பதாகத் தாங்கள் கருதவில்லை என்று அந்நிறுவனம் பதில் எழுதியது. கண்ணெதிரே ஒரு கை ஆடிக்கொண்டிருந்தால் ஓட்டுநரின் கவனம் சிதறும் என்று வேறு சிலர் வாதிட்டதாகவும் கூறப்படுகிறது.

இந்த முடிவை நியாயப்படுத்துவோர், அன்றைக்குக் கார்களே மிகக் குறைவு என்கிறார்கள். அது உண்மைதான். ஃபோர்டு நிறுவனம் தொடங்கப்பட்டதே 1903இல்தான். அதன் கனடா நிறுவனம் ஒன்டாரியோ மாகாணத்தில் 1904இல் பிறந்தது. பல கார்களுக்கு முன்கண்ணாடியே கிடையாது. ஆனால் மேரி இக்கருவியை முதலில் வடிவமைத்தது கார்களுக்காக அல்ல, மின்சார டிராம்களுக்காக. டொரோண்டோவில் மின்சார டிராம்கள் 1892 முதலும் மொன்றியலிலும் அதே ஆண்டு முதலும் ஓடிக்கொண்டிருந்தன. (சென்னையில் 1895இலும் கொழும்பில் 1899இலும் வந்துவிட்டன.) அதாவது சந்தை அந்நிறுவனத்தின் வாசலிலேயே தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

அப்படியானால் மதிப்பு ஏன் தெரியவில்லை? ஓட்டுநரின் துன்பத்துக்கு டிராம் நிறுவனங்கள் விலை எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். காற்றும் பனியும் படாதபடி ஓட்டுநர் நிற்கும் இடத்துக்கு அடைப்பு அமைக்க வேண்டும் என்பதற்கே, அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் இயற்ற வேண்டியிருந்த காலம் அது. விண்ணப்பித்தவர் பெண் என்பதும் காரணமா என்பதை அந்தக் கடிதம் சொல்லவில்லை. அன்று அலபாமாவில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை.

மேரி மேலும் முயன்றதாகத் தெரியவில்லை. காப்புரிமையின் 17 ஆண்டுக் காலம் 1920 நவம்பரில் முடிந்தது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. 1922இல் கடிலாக் நிறுவனம் தனது எல்லாக் கார்களிலும் வைப்பரைப் பொருத்தத் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. மேரிக்கு இதில் ஒரு டாலரும் கிடைக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் டொரோண்டோவைச் சுற்றியே இத்துறை வளர்ந்தது என்பது சுவையான செய்தி. ஒன்டாரியோ ஏரிக்கு அப்பால் உள்ள பஃபலோ நகரில், மழையிரவில் சைக்கிள்காரர் ஒருவர் மீது தன் காரை மோதிவிட்ட ஜான் ஓஷை, 1917 வாக்கில் வைப்பர் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் டிரைக்கோ என்று பெயர்பெற்றது. மின்சாரத்தால் இயங்கும் வைப்பருக்கு அதே 1917இல் காப்புரிமை பெற்றவர் சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற மேடை நடிகை. டொரோண்டோவை அடுத்த ஹாமில்டனில் பிறந்து மௌனப் படங்களில் புகழ்பெற்ற ஃபுளோரன்ஸ் லாரன்ஸின் தாய். அவருடைய கருவியும் விற்பனையில் வெற்றி காணவில்லை. விட்டுவிட்டு இயங்கும் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கேர்ன்ஸ் வழக்காடி, 1990இல் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றார். மேரிக்கோ வழக்குப் போட உரிமையே எஞ்சியிருக்கவில்லை.

இன்று டொரோண்டோ சாலைகளில் பனியை உருக்க உப்பு தூவப்படுகிறது. முன்னே செல்லும் லாரி வாரியிறைக்கும் உப்புநீர் 401 நெடுஞ்சாலையில் சில நொடிகளில் கண்ணாடியை வெள்ளைத் திரையாக்கிவிடும். குளிரில் ரப்பர் விறைத்து விளிம்பு கிழிந்தால் கண்ணாடியில் கோடுகள் விழும். மாற்ற வேண்டிய நேரத்தை அறிய வேறு அடையாளம் தேவையில்லை. முன்பெல்லாம் உலோகச் சட்டத்தை வைத்துக்கொண்டு ரப்பர் பட்டையை மட்டும் உருவி மாற்றுவார்கள். இப்போது பெரும்பாலும் முழு வைப்பரையே வாங்குகிறார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் நீளம் வேறுபடும் கார்கள் உண்டு என்பதால் அளந்து வாங்குவது உத்தமம்.

மேரி ஆண்டர்சன் தன் ஃபேர்மாண்ட் குடியிருப்பை இறுதிவரை நிர்வகித்து வந்தார். 1953 ஜூன் 27ஆம் தேதி, டென்னசி மாநிலத்தின் மாண்டீகிளில் உள்ள தன் கோடைக்கால வீட்டில், 87ஆம் வயதில் காலமானார். சென்னையில் டிராம்கள் நிறுத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். பர்மிங்காமின் எல்ம்வுட் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2011இல்.